பிடி அரிசியில் புதைத்த மைக்

நம்பினா நம்புங்க, நம்பாட்டா ஒரு சோடாவைக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போங்க, நான் ஒண்ணும் கையைப் பிடிச்சு இழுக்கப் போறதில்ல. ஆனா கருக்குவிளையில அந்த வருஷம் சர்ச் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனச் சோறு சாப்பிட்ட அறுநூறு பேர் வயித்துக்குள்ள இருந்தும் எங்க வீட்டு மைக் பேசுச்சு, அது சத்தியம், அதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குக் குமட்டுது, அதனால நடுவுல நடுவுல நிறுத்தித்தான் சொல்லுவேன்.

முதல்ல அந்த மைக். எங்க வீட்டுக்காரர் ஜெயசிங், பின்பக்கத்துப் படுக்கை ரூமை ரெக்கார்டிங் ரூமா மாத்தியிருந்தாவ. நாலு சுவருலயும் கோழிப்பண்ணையில வாங்கின முட்டை அட்டை, அதுக்கு மேல பழைய சமுக்காளம், ஜன்னலை அடைச்சு ஒரு பஞ்சு மெத்தை, கதவுக்குப் பின்னால சாக்கு. சத்தம் உள்ள வரக்கூடாது, சத்தம் வெளிய போகக்கூடாது, அதோட சேர்ந்து காத்தும் வரக்கூடாது போகக்கூடாதுன்னு ஆகிப்போச்சு. ரூமுக்கு நடுவுல ஸ்டாண்டுல தலைகீழாத் தொங்கும் அந்த மைக். எங்க வட்டாரத்துல அதுக்கு முன்னால வந்து நிக்காத வாய் கிடையாது. ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிக் கருப்பட்டி விக்கிறவன் வாய், நாட்டுக்கோழி முட்டைக்காரன் வாய், காதுகுத்துக்கு ஊரை அழைக்கிற தாய்மாமன் வாய், எலக்சனுக்கு வெத்தலைச் சாறோட வந்த வாய், பல் தேய்க்காம விடியக்காலமே பாட வந்த கொயர் வாய், கருவாடு தின்ன வாய், பீடி இழுத்த வாய், ஈறு வீங்கின வாய், எல்லா வாயும் அந்த ஒரு சாண் இரும்புக்கு முன்னால வந்து திறந்துச்சு, தெறிச்சுது, சொட்டுச்சு, மூடுச்சு. தெறிக்கிறதைத் தடுக்க எம்பிராய்டரி வளையத்துல எங்க மகன் காலேஜுக்குப் போகும்போது விட்டுட்டுப் போன நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி வச்சிருந்தாவ. அந்த சாக்ஸ் முதல்ல வெள்ளையா இருந்துச்சு, பொறவு மஞ்சளாச்சு, பொறவு நடுவுல வட்டமா விறைச்சு அப்பளம் மாதிரி நின்னுச்சு. துவைச்சுத் தாரேன்னு சொன்னா விடமாட்டாவ. துவைச்சா சத்தத்தோட மணம் போயிருமாம். சத்தத்துக்கு மணம் உண்டுன்னு அன்னைக்கு அவிய சொன்னது விளையாட்டுக்குத்தான்.

நான் ஒரு மாதிரியான பொம்பள, அதையும் சொல்லிருதேன். எச்சில்னா எனக்கு ஆகாது. நான் பெத்த பிள்ள கடிச்ச கொய்யாக்காயைக்கூட வாங்கித் தின்னதில்ல. அந்த ரூமைக் கூட்டப் போகும்போது முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் போவேன். வந்துபோன வாயிலேயே எனக்குப் பிடிச்ச வாய் ஒண்ணே ஒண்ணு, பொன்னுத்துரை சார் வாய். சார் மேல்நிலைப்பள்ளியில வாத்தியார், எங்க சபைக்குச் செயலாளர், வெள்ளைச் சட்டை, பவுடர் போட்ட கழுத்து, எப்பவும் ஏலக்காய் மெல்லுத வாய். மாசத்துக்கு ஒருக்கா வந்து வேத வசனம் பதிவு பண்ணிட்டுப் போவாவ. ஒரு துளி தெறிக்காது. எவ்வளவு சுத்தமான மனுசன்னு நானே எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லியிருக்கேன்.

எங்க ஊர் கடலுக்கு ரெண்டு மைல். உப்புக்காத்து கதவுக் கொண்டியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், மைக்கை விடுமா? மைக்கை வித்த கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: உள்ள ஈ றெக்கையை விட மெல்லிசா, தங்கப்பூச்சு பூசின ஒரு சவ்வு இருக்கு, ஈரம் பட்டா செத்துச்சு, வேலை முடிஞ்சதும் பெட்டிக்குள்ள போட்டு மூடணும், கூடவே ஈரம் உறிஞ்சுத அந்தச் சின்னச் சின்ன உருண்டைப் பொட்டலத்தைப் போடணும், வாயால ஊதக்கூடாது, விரலால தட்டக்கூடாது. அவியளும் பச்சப்பிள்ளையைப் பாக்கிற மாதிரித்தான் பாத்தாவ. ஆனா அந்தப் பொட்டலம் ரெண்டு மழைக்குத் தாங்கல. ஐப்பசியில மைக்குக்குள்ள கடுகு பொரியுத சத்தம் கேட்டுச்சு. வலையைக் கழட்டிப் பாத்தா, உள்ள பழைய தயிருல பூக்குமே, அது மாதிரி பூசணம் பூத்துக் கிடக்கு. அதுல இருந்து ஒரு வாடை வந்துச்சு பாருங்க, வாடகைக்கு வந்த அத்தன வாயும் ஒரே நேரத்துல கொட்டாவி விட்ட வாடை.

தண்ணியில விழுந்த போனை அரிசிக்குள்ள போட்டா சரியாயிரும்லா, அது மாதிரி மைக்கையும் அரிசிக்குள்ள புதைச்சு வைப்போம்னாவ. "திங்கிற அரிசியில வச்சீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்"ன்னேன். "அப்ப பிடி அரிசியில வைக்கேன்"ன்னாவ.

எங்க பக்கத்துச் சபைக்காரங்க வீட்டுல தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்குன்னு தனியா எடுத்து ஒரு டிரம்முல போடுவோம். வருஷம் பூரா சேரும். பண்டிகைக்கு எல்லா வீட்டுப் பிடி அரிசியையும் ஒண்ணாக் கொட்டி, ஆட்டுக்கறியோட அசனம் ஆக்கி, சாதி மதம் பாக்காம ஊருக்கே சோறு போடுவோம். அதுவரைக்கும் அந்த டிரம்மை யாரும் தொடமாட்டோம். அதனால அதுதான் சரியான இடம்னு அவியளுக்குத் தோணுச்சு. எனக்கும் தோணுச்சு. நம்ம வாய்க்கு வாற அரிசி இல்லையே, ஊரு திங்கப்போற அரிசிதானேன்னு நான் நினைச்சேன். இதை நீங்க மறந்துராதீங்க, நான்தான் நினைச்சேன்.

அன்னையில இருந்து வேலை முடிஞ்சதும் மைக்கை என் பழைய சேலைத் துண்டுல சுத்தி, கழுத்து வரைக்கும் அரிசிக்குள்ள புதைச்சு, மூடியைப் போட்டு, மூடி மேல ஒரு செங்கலையும் வைப்பாவ. பொரியுத சத்தம் நின்னுபோச்சு. மைக் பளிச்சுன்னு பேசுச்சு. அரிசிதான் ஒரு மாதிரி ஆச்சு. சில இடத்துல நாலஞ்சு மணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, நிறம் லேசா மங்குச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு மூடியை மூடிட்டேன்.

அந்த வருஷம் கோடையிலதான் பியூலா வந்தா. பொன்னுத்துரை சார் சம்சாரம். மெலிஞ்ச பொண்ணு, பிள்ள இல்ல, கோயிலுல கடைசி வரிசை, அசனம்னா பரிமாறுதுக்கு முத ஆளு. எங்க வீட்டுக்காரர் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாவ. மைக் ஸ்டாண்டுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, வயரைக் கழட்டிப் போட்டிருந்துச்சு, கரண்டு கிரண்டு ஒண்ணும் கிடையாது.

"அக்கா, இந்த ரூமுல பேசுனா வெளிய கேக்காதுல்லா?"

"இடி விழுந்தாலும் கேக்காது."

"கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். அவ என்னையப் பாக்கல. மைக்கைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அவிய சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு நான் சோறு போட்டு உக்காருவேன்லா. தட்டுல காறித் துப்புவாவ. துப்பிட்டு, தின்னுட்டீன்னுவாவ. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாவ. ஒரு நாள்கூட அடிச்சதில்லக்கா. ஏசுனதுகூட இல்ல. அதனால யார்ட்டப் போய் என்னன்னு சொல்லன்னு தெரியல."

எத்தன நாளா நடக்குன்னு கேட்டேன். கல்யாணமான மூணாம் நாள்ல இருந்துன்னா. கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம். அவ முன்னால வாந்தி எடுக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஏலக்காய் மணத்தை நினைச்சேன். அந்த ஏலக்காய் எதுக்குன்னு அப்பத்தான் விளங்குச்சு. இதுவரைக்கும் சார்னும் அவியன்னும் சொல்லிட்டேன், இனிமே அவன்னுதான் வரும், கோவிச்சுக்கிடாதீங்க.

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. தெரிஞ்சா ஊருக்குள்ள எனக்கு முகம் இருக்காது. ஒருத்தருக்காவது தெரியணும்னு இருந்துச்சு, அதான்"ன்னா. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். சாயந்தரம் எங்க வீட்டுக்காரர் வந்து வழக்கம்போல மைக்கைப் பிடி அரிசியில புதைச்சாவ.

பண்டிகை வந்துச்சு. டிரம்மைத் தோளுல தூக்கிட்டுப் போய்க் கோயில் வளாகத்துல கொட்டினாவ, ஊர் அரிசி மலை மாதிரி குமிஞ்சு கிடந்துச்சு, எங்க அரிசி அதுக்குள்ள போய்க் கலந்துச்சு, பன்னிரண்டு அண்டாவுல வெந்துச்சு, ஐயர் ஜெபம் பண்ணினாவ. ஐயர்னா எங்க சபைக் குரு, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அறுநூறு பேர் இலை போட்டுச் சாப்பிட்டாவ. நான் சாப்பிடல. அத்தன பேர் கை பட்ட சோத்தை நான் எந்த வருஷமும் சாப்பிட்டதில்ல.

மூணு மணிக்கு நன்றி ஜெபம். ஐயர் கண்ணை மூடிக் கையை விரிச்சு, "எங்களைப் போஷித்த ஆண்டவரே"ன்னாவ, நெஞ்சைத் தடவினாவ, ஒரு நீண்ட ஏப்பம் வந்துச்சு. ஏப்பத்துக்குள்ள இருந்து, "கலப்படமில்லாத பனங்கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, உங்க வீட்டு வாசலுக்கே வந்திருக்கு"ன்னு கருப்பட்டி ஆட்டோக்காரன் குரல் கேட்டுச்சு. ஐயர் "ஆமென்"ன்னாவ. நாங்களும் "ஆமென்"ன்னோம். பக்கத்துல இருந்த வசந்தபாய் அக்கா, "ஐயருக்குக் கறி சேரல போல"ன்னா, அவ்வளவுதான்.

இருட்டுறதுக்குள்ள ஊரே பேசிக்கிட்டு இருந்துச்சு. சோடாக் கடைக்காரன் வாயில இருந்து காதுகுத்து அழைப்பு, பால்காரி வாயில இருந்து எலக்சன் பேச்சு, கொயர் மாஸ்டர் வாயில இருந்து நாட்டுக்கோழி முட்டை, பால்குடி மறக்காத பிள்ள வாயில இருந்து கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொருத்தர் வயித்துக்கும் ஒண்ணோ ரெண்டோ பேச்சு போய்ச் சேர்ந்திருந்துச்சு, அதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. குரல் மட்டும் வந்தா பொறுத்துக்கிடலாம். கூடவே அந்த வாயோட வாடையும் வரும், வெத்தலை, பீடி, கருவாடு, வீங்கின ஈறு, அதுக்கு மேல தின்னவன் வயித்துப் புளிப்பு. நான் தெருவுல நடக்கவே முடியல.

ஊரு என்ன செஞ்சுதுன்னு நினைக்கீங்க? பயந்துச்சா, டாக்டர்ட்ட ஓடுச்சா? ஒரு வாரத்துல பழகிட்டுது. எங்க ஊருக்காரனுக்கு எதுவும் ஒரு வாரந்தான். பத்தாம் நாள் அதுக்கு ஒரு மரியாதை முறையும் வந்துட்டுது: ஏப்பம் வந்து பேசி முடிச்சதும் வாயை மூடி, "என்னதில்ல"ன்னு சொல்லணும், கேட்டவங்க "போட்டும்"னு, அதாவது போகட்டும் விடுன்னு, சொல்லணும். பேசுனது அவன் பேச்சில்ல, கேட்டவன் மனசுல வைக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாவ. பொண்ணு பாக்க வந்த இடத்துல மாப்பிள்ள வாயில இருந்து இன்னொருத்தன் கல்யாண அழைப்பு வந்துச்சு, "என்னதில்ல"ன்னான், "போட்டும்"னாவ, நிச்சயம் பண்ணிட்டுப் போயிட்டாவ. கருப்பட்டிக்காரன் ஸ்பீக்கரைக் கழட்டிட்டான். அவன் பேச்சை வயித்துல வச்சிருந்த மூணு பேருக்கு அவிச்ச கடலையைக் கொடுத்து ஆட்டோவுக்குப் பின்னால உக்கார வச்சுக்கிட்டுத் தெருத் தெருவாப் போனான்.

ரத்தினபாயோட வீட்டுக்காரர் சாகுறதுக்கு முந்தின மாசம் எங்க ரூமுல ஒரு கீர்த்தனை பாடியிருந்தார். அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்த இடம் டெய்லர் மாசானம் வயிறு. ரத்தினபாய் தினமும் மத்தியானம் சீனிக்கிழங்கு அவிச்சு எடுத்துட்டுப் போய், தையல் மிசினுக்கு எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, மாசானம் தின்னு முடிக்கிறதையே பாத்துக்கிட்டு இருப்பா. அவன் நெஞ்சைத் தடவினதும் முகத்தை அவன் வாய்க்குப் பக்கத்துல கொண்டு போவா. கண்ணை மூடிக்கிட்டு, பாட்டையும் கேப்பா, மூச்சையும் இழுப்பா. ஊர்ல எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி உருகினாவ. எனக்கு அந்தக் கிழங்கு வாடையை நினைச்சாலே இன்னைக்கும் உடம்பு கூசுது. எங்க வீட்டுக்காரரை ரோட்டுல நிறுத்தி, "உம்ம மைக் சுத்தமாப் பிடிச்சிருக்குவே, ஒரு இரைச்சல் கிடையாது"ன்னு கை கொடுத்தாவ. அவியளும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டு வந்தாவ.

பியூலா மட்டும் சிரிக்கல. அசனம் முடிஞ்ச மூணாம் நாளே வந்துட்டா.

"அக்கா, அன்னைக்கு அந்த மைக் அங்க தொங்கிச்சுல்லா."

"வயரு மாட்டலையே பிள்ள."

"வயரு மாட்டாத நேரத்துல அந்த டெய்லர் தும்முனானாம், அதுகூட ஒரு ஆளு வயித்துல இருந்து வருதாம்."

அவ பேச்சு எங்கயோ ஒரு வயித்துல கிடக்கு. யார் வயிறுன்னு கண்டுபிடிக்கணும், அவங்க கால்ல விழுந்தாவது வாயை மூட வைக்கணும். எனக்கு அதுதான் நினைப்பு. சத்தியம் பண்ணினவ நான்லா. வீடு வீடாப் போனேன். நலம் விசாரிக்கிற மாதிரி உக்காந்து, ஒவ்வொருத்தரும் ஏப்பம் விடுத வரைக்கும் காத்துக்கிட்டு, மூக்கை முந்தானையால மூடிக்கிட்டுக் காதை மட்டும் கொடுத்தேன். முப்பது நாள்ல நானூறு பேரையாவது கேட்டிருப்பேன். யார் வயித்துலயும் பியூலா இல்ல. சரி, தெய்வம் காப்பாத்திட்டுதுன்னு நினைச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை கோயில் நிறைஞ்ச கூட்டம். பொன்னுத்துரை முன்னால போய் நின்னு வாராந்திர அறிவிப்பு வாசிச்சான். புதன்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வெள்ளைச் சட்டை, பவுடர், ஏலக்காய். அதுவரைக்கும் அவன் வாயில இருந்து ஒண்ணும் வந்ததில்ல, சார் குடல்கூடச் சுத்தம்னு ஊரு பேசிக்கிட்டு இருந்துச்சு. சனிக்கிழமை அறிவிப்புக்கு வந்தவன் நின்னான். தொண்டை ஏறி இறங்குச்சு. வாயைத் திறந்தான், மூடப் பாத்தான், முடியல. அவன் வாயில இருந்து பியூலா பேசினா.

"தட்டுல காறித் துப்புவாவ. துப்பிட்டு, தின்னுட்டீன்னுவாவ. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாவ."

அவ குரல் தெரியாதவங்க அங்க யாரும் இல்ல. பத்து வருஷமா அவ கையால பரிமாறி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா"ன்னு அவ கேக்கக் கேட்டுச் சாப்பிட்ட சனங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சொல்லுதேன், எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. இனி ஒளிக்க ஒண்ணும் இல்ல, இப்ப நாலு ஆம்பளைங்க எந்திரிச்சு அவன் சட்டையைப் பிடிப்பாவன்னு நினைச்சேன்.

பொன்னுத்துரை கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைச்சான். "என்னதில்ல"ன்னான்.

பொறவு முன்வரிசையில இருந்து ஒரு குரல், அப்புறம் ரெண்டு, அப்புறம் கோயிலே சேர்ந்து சொல்லுச்சு: "போட்டும்."

அவன் சனிக்கிழமை அறிவிப்பை வாசிச்சான். அடுத்த வாரமும் அது வந்துச்சு, அதுக்கடுத்த வாரமும் வந்துச்சு. அவன் தொண்டை ஏறி இறங்கினதும் கொயர் மாஸ்டர் ஆர்மோனியத்துல ஓங்கி ஒரு கட்டையை அமுக்கப் பழகினார். பள்ளிக்கூடத்துல அவன் வகுப்புப் பிள்ளைக கேட்டுச்சு, பஸ்ஸுல கேட்டுச்சு, சாவு வீட்டுல கேட்டுச்சு. எல்லா இடத்துலயும் என்னதில்ல, எல்லா இடத்துலயும் போட்டும். வீட்டுல தட்டும் நாற்காலியும் அப்படியேதான் இருந்துச்சு. இப்ப துப்பும்போது அவ பேச்சும் சேர்ந்து வருதுன்னு பியூலா என்கிட்டச் சொன்னா.

நான் ஐயர்ட்டப் போனேன். நாற்காலியில உக்காரச் சொல்லாமலே நான் சொல்லுததைக் கேட்டாவ.

"எல்லாருக்கும் தெரியும் ஐயரே. நீங்களே காதால கேட்டீங்க."

"கேட்டேம்மா. ஆனா ஏப்பத்தை வச்சு ஒரு மனுசன எப்படி விசாரிக்கிறது? நாளைக்கு என் வாயில வந்த கருப்பட்டிக்கு நான் பொறுப்பா?" சொல்லும்போதே வந்துட்டுது, சில்லுக்கருப்பட்டி. "என்னதில்ல"ன்னாவ. நான் போட்டும்னு சொல்லல. கொஞ்சம் முகம் சுருங்கி, "அந்தப் பிள்ளையே அது வாயால வந்து சபைக் கூட்டத்துல சொல்லட்டும். அது சொன்னா பேச்சு. அப்ப நடவடிக்கை எடுக்கலாம்"ன்னாவ.

பியூலாட்டச் சொன்னேன். போகவேண்டாம்னு சொல்லியிருக்கணும். "இனி மறைக்க என்னக்கா இருக்கு, சொல்லிருதேன்"ன்னா. கிறிஸ்மஸுக்கு வச்சிருந்த சேலையைக் கட்டிக்கிட்டு வந்தா.

ஆராதனை முடிஞ்சு கோயில் ஹால்ல கூட்டம். ஆம்பளைங்க நாற்காலியில, பொம்பளைங்க பாயில. பொன்னுத்துரை முத நாற்காலியில கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தான். பியூலா நடுவுல எந்திரிச்சு நின்னு, ஏப்பம் இல்லாம, மைக் இல்லாம, தன் தொண்டையில இருந்து சொன்னா. "ஏப்பத்துல வாறது எம்பேச்சுதான். அது நடக்கது உண்மை. கல்யாணமான மூணாம் நாள்ல இருந்து நடக்கு. எனக்கு இனி முடியாது." அவ்வளவுதான் சொன்னா. அழல.

எல்லாரும் அவனைப் பாப்பாவன்னு நான் அவனைப் பாத்தேன். ஒருத்தரும் அவனைப் பாக்கல. எல்லாரும் அவ வாயைப் பாத்தாவ. வசந்தபாய் அக்காதான் முதல்ல கேட்டா.

"நீ அதைத் தின்னியாட்டீ?"

பியூலாவுக்குக் கேள்வி விளங்கல. "தின்னேன்"ன்னா.

"தினமுமா?"

"தினமும்."

"சீ"ன்னா வசந்தபாய்.

அந்தச் சீ பாயில ஆள் மாத்தி ஆள் போச்சு. பியூலா உக்காந்திருந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்தவங்க நகர்ந்து உக்காந்தாவ, கோழி எச்சத்தைப் பாத்து ஒதுங்குத மாதிரி, பாயில மூணு ஆளு இடம் காலியாக் கிடந்துச்சு. ஒருத்தி, இவ கையாலல்லா பத்து வருஷமா அசனம் பரிமாறினான்னு சொல்லி வாயைத் துடைச்சா. இன்னொருத்தி எந்திரிச்சு வெளிய போய்க் காறித் துப்பிட்டு வந்தா. யாரோ ஒரு மகராசன் எச்சில் கருப்பட்டியையும் எவனோ ஒருத்தன் வெத்தலைச் சாறையும் மூணு மாசமா நெஞ்சுல இருந்து கக்கிக்கிட்டு, போட்டும் போட்டும்னு சிரிச்ச சனங்க, அந்தப் பிள்ளையைப் பாத்து மூக்கைப் பொத்தினாவ. நாற்காலி வரிசையில ஒருத்தர், "என்னதான் இருந்தாலும் தின்னிருக்கப்படாதும்மா"ன்னு ரொம்பத் தன்மையாச் சொன்னார். பொன்னுத்துரை எந்திரிச்சு எல்லாருக்கும் கையைக் குவிச்சான். வாற வருஷ அசனத்துல பரிமாற வேற ஆள் போடணும்னு தீர்மானம் எழுதி, அதுல அவனே கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு தீர்மானந்தான் அன்னைக்கு நிறைவேறுச்சு.

நான் எந்திரிச்சு ஏசினேன். இப்ப இங்க சொல்லுத எல்லாத்தையும் அங்க சொன்னேன், இன்னும் கெட்ட வார்த்தையிலயே சொன்னேன். ஜெயசிங் சம்சாரத்துக்கு அசனம் சாப்பிடாத திமிருன்னாவ. எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாவ. அன்னைக்கே டிரம்மைத் தூக்கிக் கிணத்தடியில கவுத்தி, மைக்கை அதோட பெட்டியில வச்சுப் பூட்டினாவ. இப்பவும் பெட்டியிலதான் இருக்கு. ஆறு மாசத்துல ஊர் வயித்துப் பேச்செல்லாம் தீர்ந்துபோச்சு. ரத்தினபாய்தான் ரொம்ப நாள் ஸ்டூல்ல உக்காந்திருந்தா.

கூட்டம் நடந்த மறுநாள் காலையில எட்டு மணிக்கு பியூலா எங்க வீட்டுக்கு வந்தா. கையில ஒரு பை. நாகர்கோவில்ல அவ அக்கா இருக்கா, அங்க போறேன், திரும்பி வரமாட்டேன்னா. நான் அவளைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டு அழுதேன், அவ என் முதுகைத் தட்டிக் கொடுத்தா. ஊருல நீங்க ஒருத்தியாவது என்னைய மனுசியாப் பாத்தீங்கக்கான்னா.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. ஒரு வாய்த் தண்ணி தாங்க."

அடுப்படிக்குப் போனேன். கழுவிக் கவுத்தின எவர்சில்வர் டம்ளர் எட்டு வரிசையா இருந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். எடுத்துட்டு, திரும்ப வச்சேன். மேல் தட்டுல மகன் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின பேப்பர் கப் இருந்துச்சு, அதுல ஒண்ணை உருவி எடுத்து அதுல ஊத்தினேன். கைதான் செஞ்சுது, மனசு செய்யலன்னு பின்னால எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பாத்திருக்கேன். பொய். நான்தான் செஞ்சேன், தெரிஞ்சேதான் செஞ்சேன்.

கொண்டுவந்து நீட்டினேன். அவ கப்பைப் பாத்தா, பொறவு அடுப்படி வாசல் வழியா உள்ள தெரிஞ்ச டம்ளர் வரிசையைப் பாத்தா. என்னையப் பாக்கல. நின்னபடியே, ஒரு சொட்டு சிந்தாம முழுசாக் குடிச்சா. எங்க வீட்டுக் குப்பைத்தொட்டி மூடி திறந்தபடி அவ காலடியிலதான் இருந்துச்சு. அவ அந்தக் கப்பை ரெண்டா மடிச்சு, தன் பைக்குள்ள வச்சு, ஜிப்பை இழுத்து மூடிக்கிட்டு, "வாரேன்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனா.